120 ரூபா நெல்லை 92க்குக் கொடுத்த கதை

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைகிற பூமி. 2025 பெரும்போக (மாரிப் போக) வெட்டு நேரம், பெப்ரவரி 5ஆம் திகதி அரசாங்கம் உத்தரவாத விலையை அறிவித்தது: நெல் வகைப்படி கிலோவுக்கு நாடு 120 ரூபா, சம்பா 125, கீரி சம்பா 132. முகநூலில் பெரிய சண்டை, 120 கட்டுமா கட்டாதா என்று. அந்தக் கிழமையே எங்கள் நாடு நெல் கிலோ 92 ரூபாவுக்குப் போனது.

காரணம் ஈரம். அரசாங்கத்துக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபை அந்த விலையைக் கொடுத்தது 14 வீத ஈரப்பதத்துக்குள் உள்ள நெல்லுக்கு. வெட்டு மெசின் கொட்டுவதோ பச்சை நெல். யாவாரி மீற்றரை வைத்துப் பார்த்தார், 20 காட்டியது. அப்பா ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். நறுக்கென்று உடையவில்லை, நசிந்தது. ஒன்றும் பேசாமல் சாக்கைக் கட்டத் தொடங்கினார்.

கணக்கைப் பாருங்கள். 20 வீத ஈரமுள்ள 100 கிலோவை 14க்குக் காயவைத்தால் மிஞ்சுவது 93 கிலோ. 120 ரூபாப்படி 11,160 ரூபா. எங்கள் கைக்கு வந்தது 9,200. நூறு கிலோவுக்கு ஏறக்குறைய 2,000 ரூபா போய்விட்டது, இரண்டு நாள் வெயிலும் நெல்லை விரிக்க ஒரு தரையும் இல்லாததால். யாவாரியில் நான் முழுப்பிழை போடமாட்டேன், அவரும் எங்கேயோ கொண்டுபோய்க் காயவைக்கத்தான் வேண்டும். ஆனால் இவ்வளவு பெரிய கழிவா?

முன்பு கத்தியால் வெட்டி, உப்பட்டியாக (பிடி பிடியாக வயலில் போட்டு) காயவிட்டு, குவித்துச் சூடு வைத்து, பிறகுதான் களவெட்டியில், அதாவது சூடடிக்கிற களத்தில், மிதிப்பார்கள். பொலி தூற்றுகிற நேரம் நெல் காய்ந்து கலகலக்கும். அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை, அதற்கு ஆளும் இல்லை. மெசின் வந்ததோடு களவெட்டி போனது. அந்த இடத்துக்கு வேறொன்றும் வரவில்லை. இப்போது காயவைத்து விற்க நினைத்தால் தெருவோரத்தில் படங்கு (தார்ப்பாய்) விரித்து, லொறி ஏறாமல் கல் வைத்து, இரவில் வானத்தைப் பார்த்தபடி பக்கத்தில் படுக்க வேண்டும். எங்கள் பக்கம் பெப்ரவரி மழையை நம்பேலாது.

2021 மேயில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் திரும்ப விட்டார்கள். அன்றிலிருந்து இயற்கையா இரசாயனமா என்ற விவாதம் ஓயவில்லை. அது தேவையான விவாதம்தான். ஆனால் எந்த உரத்தில் விளைந்தாலும் வெட்டிய அன்று நெல் ஈரம்தானே? அதைப் பற்றிப் பேச ஆளைக் காணவில்லை.

ஒவ்வொரு வட்டைக்கும் (வயல்வெளிக்கும்) ஒரு சீமெந்துக் களம் வேண்டும். விவசாயிகளுக்கான அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்துக்கு ஒரு உலர்த்தும் மெசின், மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு. அடுத்த போகத்துப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கிற திகதியை முடிவெடுக்க முன்னம் எழும்பி இதைக் கேட்கப்போகிறேன். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வயல் செய்கிறவர்கள் உங்கள் கூட்டத்திலும் கேளுங்கள். போன போகம் உங்களுக்கு எத்தனை வீதம் காட்டி எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கீழே எழுதுங்கள், நான் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டுபோகிறேன்.