சங்கீதம் 105 சொல்வது அதுவல்ல

"நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற பைபிள் வசனத்தை (சங்கீதம் 105:15) காட்டி, சபை ஊழியரை, அதாவது போதகரை, கேள்வி கேட்பது பாவம், ஆதிச் சபையிலிருந்தே அப்படித்தான் என்று மேலே ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். இது தவறு.

சங்கீதம் 105-ஐ முழுதாக வாசியுங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஊர் ஊராக அலைந்தபோது அந்நிய ராஜாக்களுக்குக் கடவுள் விடுத்த எச்சரிக்கை அது. அவர்களுக்குத் தீங்கு செய்யாதே என்பதுதான் பொருள், விசுவாசிகளை வாய்மூடச் சொன்னதல்ல. அந்தியோகியாவில் இயேசுவின் முதன்மைச் சீடரான பேதுருவையே அப்போஸ்தலர் பவுல் முகத்துக்கு நேராக எதிர்த்தார் (கலாத்தியர் 2:11). அந்தப் பவுலின் பேச்சையும் பெரோயா ஊர் மக்கள் தினமும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17 அதைப் பாராட்டித்தான் சொல்கிறது.

இதே போக்கில், வேலை, கல்யாணம் வரை மேய்ப்பருக்கு (சபைத் தலைவருக்கு) கீழ்ப்படிய வேண்டும் என்ற போதனை 1970-களில் அமெரிக்கக் கரிஸ்மாட்டிக் (பரிசுத்த ஆவியின் வரங்களை வலியுறுத்தும்) வட்டாரத்தில் பரவியது. பாட் ராபர்ட்சன் போன்ற கரிஸ்மாட்டிக் தலைவர்களே 1975-இல் அதை வெளிப்படையாக எதிர்த்தார்கள். ஆக, அந்த இயக்கத்துக்குள்ளேயே ஒத்துக்கொள்ளப்படாத விஷயம் இது.

அப்புறம், மேய்ப்பர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் ராமநாதபுரக் கரையிலேயே உதாரணம் உண்டு: வேதாளையில் 1549-இல் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு அந்தோனி கிரிமினாலி, தன் மக்கள் தப்பட்டும் என்று பின்தங்கி நின்றவர். பாம்பன், தங்கச்சிமடத்தில் காணிக்கைக் கணக்கு கேட்கும் அக்காமாரை இந்த வசனம் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள், சகோதரரே.