பொகோட்டாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கொலம்பியா போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். பொகோட்டாவில் இறங்கிய அன்று எனக்கும் பயம்தான். விடுதிக்கார அம்மா சாவியைக் கொடுத்த கையோடு, "நோ தார் பாப்பாயா" என்றார். பப்பாளி கொடுக்காதே! போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்து திருடனுக்கு நீயே வழி செய்து கொடுக்காதே என்று அர்த்தமாம். அங்கே எல்லோர் வாயிலும் வருகிற சொல்வழக்கு.

2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காலையில் வெயில், மதியம் மழை. டிரான்ஸ்மிலேனியோ என்கிற சிவப்பு பஸ்ஸுக்குத் தனிப் பாதையே இருக்கிறது, ஆனால் சாயங்காலம் ஏறினால் கால் வைக்க இடமில்லை. சனிக்கிழமை வரை இந்த ஊர் எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஞாயிறு காலை வெளியே வந்தால் 'செப்திமா' என்கிற ஏழாவது சாலையில் கார்கள் ஓடிய தடம் முழுக்க சைக்கிள்கள்! இதுதான் சிக்லோவியா. 1974-இல் தொடங்கியது. ஞாயிறும் விடுமுறை நாட்களும் காலை 7 மணி முதல் 2 மணி வரை, 120 கிலோமீட்டருக்கும் மேலான சாலைகள் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும்.

நானும் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்தேன். கிழக்கே மலை எப்போதும் கண்ணில் படுவதால் வழி தவறவில்லை. சாலையோரம் குடை நட்டு ஒருவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் அக்கா மாங்காயை நூல் நூலாகச் சீவி, கோப்பையில் போட்டு, உப்புத் தூவி எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். வாயில் வைத்ததும் பள்ளிக்கூட வாசல் ஞாபகம் வந்துவிட்டது.

வடக்கே வசதியானவர்கள், தெற்கே ஏழைகள் என்று பிரிந்து கிடக்கிற நகரம் இது. அந்தச் சாலையிலோ லட்ச ரூபாய் சைக்கிளில் ஒருவர் போகிறார், பக்கத்திலேயே துருப்பிடித்த சைக்கிளின் பாரில் பிள்ளையை உட்கார வைத்து ஒரு அப்பா மிதிக்கிறார். என்னை அசைத்தது இதுதான். வருஷத்துக்கு ஒரு நாள் விழா என்றால் எந்த ஊரும் செய்துவிடும். மேயர்கள் எத்தனையோ பேர் மாறியும் வாராவாரம் சாலையை மக்களுக்குத் திறந்துவிடுவதற்கு மனசு வேண்டும். பூங்காவும் கடற்கரையும் போல, சாலையும் எல்லோருக்கும் சொந்தம் என்று அந்த ஊர்க்காரர்கள் நிஜமாகவே நம்புகிறார்கள்.

இரண்டு மணிக்குத் தடுப்புகளை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஹாரன் சத்தம். நான் விடுதிக்குப் போய், அடுத்த ஞாயிறும் இங்கேதான் என்று டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன்.