பாட்டில் சீனுக்கு மட்டும் முழிச்சுக்கிற சித்தப்பாவுக்கு

நேத்து டிவில மறுபடியும் நடிகை சாவித்திரியோட வாழ்க்கைக் கதையான 'நடிகையர் திலகம்' போட்டாங்க. எங்க வீட்லயும் மறுபடியும் அதே கூத்து. ராத்திரி படுத்தும் கோபம் அடங்கல, இங்க கொட்டிடறேன்.

படத்தோட முதல் பாதியை எங்க வீட்ல ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. கிளிசரின் போடாம, ஒரே கண்ணுல, கேட்ட அளவுக்கு மட்டும் கண்ணீர் விடுற சீன் ஒண்ணு வருமே? சாவித்திரியா நடிச்ச கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருது சும்மாவா கொடுத்தாங்க? கரெக்டா அந்த நேரத்துலதான் அம்மா தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியைப் போடுவாங்க. சித்தப்பா சோபாவுல குறட்டை. சரி, ஞாயித்துக்கிழமை, தூங்கட்டும்.

ஆனா திரையில சாவித்திரி குடிக்கிற சரக்கு பாட்டில் வந்துச்சுன்னா மனுஷனுக்கு எங்கிருந்துதான் முழிப்பு வருமோ! ரிமோட்டைத் தேடி எடுத்து சத்தத்தைக் கூட்டுவாரு. "பார்த்தியா, எப்படி இருந்தவ எப்படி ஆயிட்டா. சினிமான்னு போனா இதான் கதி." பேச்சு டிவியைப் பார்த்து, கண்ணு என் தங்கச்சி மேல. சினிமா, மீடியா பத்திச் சொல்லித் தர்ற விஸ்காம் படிப்புல சேரட்டுமான்னு அவ ஒரே ஒரு தடவை கேட்டா. அதுக்கு இது எத்தனாவது தண்டனைன்னு எண்ணுறதையே விட்டுட்டேன்.

சித்தப்பா, உங்களுக்கு சாவித்திரின்னா அந்த பாட்டிலும் கோமாவுல கிடந்த கடைசி நாளும் மட்டும்தானா? 1957ல 'மாயா பஜார்'ல, கடோத்கஜன் ஒரு பொண்ணு உருவத்துல வந்தா எப்படி நடப்பான், எப்படி முறைப்பான்னு செஞ்சு காட்டினாங்களே. கடோத்கஜனா நடிச்ச ரங்காராவோட அந்த மிடுக்கு மொத்தமும் அந்தச் சின்ன உடம்புக்குள்ள! இன்னிக்கும் நான் பாத்திரம் கழுவுறதை விட்டுட்டு வந்து நின்னு பார்ப்பேன். 1965ல யுத்த நிதிக்குப் போட்டிருந்த நகையைக் கழட்டிக் கொடுத்தாங்க. 'குழந்தை உள்ளம்', 'பிராப்தம்'னு படம் டைரக்ட் பண்ணாங்க. அந்தக் காலத்துல, ஒரு பொம்பளை! இதையெல்லாம் காட்டி ஒரு நாளாவது தங்கச்சிகிட்ட "பார்த்தியா"ன்னு சொல்லியிருக்கீங்களா?

அப்புறம் சாவித்திரி கட்டிக்கிட்ட நடிகர் ஜெமினி கணேசன் விஷயம். ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்னு படத்துலயே சொல்றாங்க. அதுக்கு நம்ம வீட்ல என்ன பேச்சு? "அந்தக் காலத்துல என்ன அழகு தெரியுமா, காதல் மன்னன்!" சித்தியும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாங்க. அவருக்குப் பட்டம், அவங்களுக்குப் பாடமா? சினிமாவுக்குப் போனா இதான் கதின்னா, அதே சினிமாவுல இருந்த அவருக்கு ஏன் அந்தக் கதி வரல? இதை வாய்விட்டே கேட்டேன். "எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு"ன்னு அம்மா என்னைத்தான் அதட்டினாங்க. இதுக்கு நடுவுல தங்கச்சி எழுந்து உள்ள போயிட்டா. ஒருத்தரும் கவனிக்கல.

இதுல பெரிய காமெடி, போன மாசம் சிவாஜிக்குத் தங்கச்சியா சாவித்திரி நடிச்ச 'பாசமலர்' போட்டப்போ இதே சித்தப்பா துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாரு. நேத்து அதையும் ஞாபகப்படுத்தி, "அன்னிக்கு உங்களை அப்படி அழ வெச்சது யாரு சித்தப்பா?"ன்னு கேட்டேன்.

"சிவாஜிதான், வேற யாரு?"ன்னுட்டு சேனலை மாத்திட்டாரு.