அயற்கூற்றில் காலத்தை மாற்றியே ஆக வேண்டுமா?

"நேர்க்கூற்றை (ஒருவர் சொன்னதை அவர் சொற்களிலேயே தருவதை) அயற்கூற்றாக்கினால் (நம் வாக்கில் சொன்னால்) வினையின் காலத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ளியே ஆக வேண்டும், 'இஸ்' என்றால் 'வாஸ்', 'வில்' என்றால் 'வுட்', விதிவிலக்கே கிடையாது" என்று ஆங்கில இலக்கணப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பி மாணவர்கள் சரியான விடையை அடித்துத் திருத்துவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

காலத்தை மாற்ற வைப்பது 'செட்' (சொன்னார்) போன்ற இறந்தகால வினை. 'சேஸ்' என்று நிகழ்காலத்தில் சொன்னால் மாற்றமே வேண்டாம்: 'ஷீ சேஸ் ஷீ இஸ் டயர்ட்'. 'செட்' வந்தாலும், சொன்ன செய்தி இன்றும் உண்மை என்றால் நிகழ்காலம் அப்படியே நிற்கலாம். 'த டீச்சர் செட் த எர்த் கோஸ் ரவுண்ட் த சன்' முழுக்கச் சரி. 'வென்ட்' என்று எழுதினாலும் பிழையில்லை. நேர்க்கூற்றிலேயே 'ஹேட் கான்' இருந்தால் அதற்கு அப்பால் பின்னே போக வடிவமே இல்லை, அதனால் அது மாறாது. 'வுட்', 'மைட்', 'ஷுட்' ஆகியவையும் பொதுவாக மாறுவதில்லை.

தமிழில் 'பசிக்கிறது என்றான்' என்று சொன்னவர் சொல்லையே வைத்துவிடுகிறோம். நமக்கு இந்த விதி அந்நியமாகத் தெரிவதும், சூத்திரமாக மனப்பாடம் செய்வதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் நேற்றுப் பசித்தவனைப் பற்றி இன்று எழுதும்போது 'ஹீ செட் ஹீ வாஸ் ஹங்ரி' என்பதே பொருத்தம். 'இஸ்' போட்டால் இன்னும் பசியோடு இருக்கிறான் என்று பொருள்படும்.