கணக்கில் மாட்டிக்கொள்ளும்போது பக்கத்தில் யார்?

எங்கள் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் தலைகீழ் வகுப்பறை பற்றி, அதாவது விளக்கத்தை வீட்டிலேயே (பெரும்பாலும் வீடியோவில்) பார்த்துவிட்டு வந்து, கணக்கை வகுப்பில் போடும் முறை பற்றி, மறுபடியும் சண்டை. "இதெல்லாம் அமெரிக்காவுக்குச் சரி, நம்ம பிள்ளைகள் வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்தால்தான் கைக்கு வரும்" என்று ஒரு கட்சி. யூடியூப் லிங்க் ஒன்றைத் தட்டிவிட்டு "நான் எப்பவோ ஆரம்பிச்சாச்சு" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் வீடியோவைப் பிடித்துக்கொண்டே தொங்குகிறது. எனக்கு அந்த வீடியோ மேல் அவ்வளவு அக்கறை கிடையாது.

நான் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவன். காலங்காலமாக நாம் செய்வது என்ன? நியூட்டன் விதியை விளக்குவது பள்ளியில், கணக்குப் போடுவது வீட்டில். விளக்கத்தைக் கேட்பது சுலபம், தலையாட்ட எல்லோருக்கும் தெரியும். தனியாக உட்கார்ந்து கணக்கைத் தொடும்போதுதான் சிக்கலே. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பையன் மாட்டிக்கொண்டு முழிக்கிறான். பக்கத்தில் யார்? டியூஷன் போகிறவனுக்கு டியூஷன் சார். அக்கா இன்ஜினியரிங் படித்த வீட்டில் அக்கா. மற்றவர்களுக்குக் கைடு. கைடும் இல்லாதவர்களுக்கு, மறுநாள் பிரேயருக்கு முன்னால் கைமாறும் யாரோ ஒருவனுடைய நோட்டு. அந்த ஒருவன் அவசரத்தில் 9.8-ஐ 8.9 என்று எழுதித் தொலைத்திருந்தால், கடைசி பெஞ்சு வரைக்கும் புவியீர்ப்பு முடுக்கம் 8.9 தான். திருத்தும்போது சிரிப்பு வரும், அப்புறம் வயிறு எரியும்.

ஆசிரியர் மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஆசிரியர் இல்லை. அவ்வளவாகத் தேவைப்படாத நேரத்தில் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். இதை மாற்றிப் போடுவதற்குப் பெயர்தான் தலைகீழ் வகுப்பறை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது இல்லாவிட்டாலும் ஓடிவிடும். இதனால் பிழைப்பது மற்றவர்கள்தான். ஆனால் "ஏழைப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது" என்றுதான் முதலில் தள்ளிவைக்கிறோம்!

இது தொடங்கிய கதையையும் பாருங்கள். 2007இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், உட்லண்ட் பார்க் என்ற சிற்றூர்ப் பள்ளியின் வேதியியல் ஆசிரியர்கள் ஜொனாதன் பெர்க்மனும் ஆரன் சாம்ஸும் தங்கள் பாடங்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். விளையாட்டுப் போட்டி, அது இது என்று வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காகத்தான் முதலில் செய்தார்கள். வீட்டில் இணையம் இல்லாதவர்களுக்கு டிவிடியில் போட்டுக் கொடுத்தார்கள். ஆக, "எல்லார் வீட்டிலும் வசதி இல்லையே" என்ற பிரச்சினை அவர்களுக்கும் முதல் நாளிலிருந்தே இருந்தது.

அதற்கும் முன்னால், 1990களின் தொடக்கத்திலேயே, ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் இதே வேலையை வீடியோ இல்லாமல் செய்திருக்கிறார். வருவதற்கு முன் பாடத்தைப் படித்துவிட்டு வரவேண்டும். வகுப்பில் ஒரு கேள்வி. ஆளாளுக்கு யோசித்து விடை சொல்லவேண்டும். விடைகள் சிதறினால் பக்கத்தில் இருப்பவரிடம் வாதாட வேண்டும், அப்புறம் மறுபடி ஓட்டு. அவ்வளவுதான்.

நம் பிளஸ் ஒன் 'இயக்க விதிகள்' பாடத்துக்கு இது அச்சு அசலாகப் பொருந்தும். "லாரியும் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன் மேல் அதிக விசை செலுத்துகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற மூன்றாம் விதியை வரி பிசகாமல் ஒப்பித்த வகுப்பு, லாரிக்குக் கையைத் தூக்கும். உடனே நாம் வாயைத் திறக்கக் கூடாது. பேசவிட வேண்டும். "ரெண்டுக்கும் ஒரே விசைன்னா கார் மட்டும் ஏன்டா நசுங்குது?" என்று ஒருவன் எகிறுவான். "காரோட நிறை கம்மி, அதனால முடுக்கம் ஜாஸ்தி" என்று ஒரு பெண் தட்டுத்தடுமாறி இரண்டாம் விதியை இழுத்து வருவாள். நான் போர்டில் நின்று கத்தியிருந்தால் இந்த உரையாடல் நடந்தே இருக்காது. ஆனால் நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்காகத்தான் விளக்கத்தை வீட்டுக்கு அனுப்புவது.

வீட்டில் போன் இல்லையா? புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்து, புரியாத ஒரு வரியை அடிக்கோடு போட்டு வரச் சொல்லுங்கள். அதுவே போதும். போன் இருந்தால் பாடநூலில் க்யூஆர் கோடு இருக்கிறது. பத்து நிமிடத்தைத் தாண்டாத வீடியோவாக இருந்தால் நல்லது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஒன்றரை மணி நேர விரிவுரையை அப்படியே அனுப்பிவிட்டு அதற்கு ஒரு குவிஸ் வைத்தார்கள். பிள்ளைகள் 2x வேகத்தில் ஓடவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

அப்புறம், பார்க்காமல் வந்தவர்களுக்காக வகுப்பில் பாடத்தை மறுபடி நடத்தவே கூடாது. ஒரு முறை நடத்திவிட்டால் பார்த்து வந்தவன் ஏமாளி, அடுத்த வாரம் அவனும் பார்க்க மாட்டான். பார்க்காதவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு முன்னால் வரட்டும். தண்டனையாக வேண்டாம், அவர்களுக்கு அந்த நாளின் வேலையே அதுதான்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபிறகு நாம் பார்த்தது வேறு. வீடியோ மட்டும் வீட்டுக்குப் போனது, இந்தப் பக்கம் வகுப்பே இல்லை. அந்தக் கசப்பை இதன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

நடைமுறைத் தொல்லைகள் இல்லாமல் இல்லை. அறுபது பேர் வகுப்பில் ஒரு பீரியடுக்குள் எல்லா மேசைக்கும் போக முடியாது. போர்ஷன் கழுத்தை நெரிக்கும். பெற்றோர் கூட்டத்தில் "சார் பாடமே நடத்துறதில்லையாம், இவங்களையே பேசச் சொல்றாராம்" என்ற புகார் நிச்சயம் வரும். வந்திருக்கிறது. ஆய்வுக்கு வருகிற அதிகாரி கண்ணுக்கு, சத்தமாக இருக்கும் வகுப்பு கட்டுப்பாடு இல்லாத வகுப்பு.

அதனால் எல்லாப் பாடத்தையும் தலைகீழாக்கச் சொல்லவில்லை. ஆறு பாட ஆசிரியர்களும் ஒரே நாளில் ஆளுக்கொரு வீடியோ அனுப்பினால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? புதிதாக ஒரு பாடத்துக்குள் நுழையும்போது நானும் இன்னும் முன்னால் நின்று கதை சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன், அதில் எனக்கு ஒரு சுகமும் உண்டு. விசை, உந்தம், மின்னோட்டம் என்று பிள்ளைகள் வழக்கமாக முட்டிக்கொள்ளும் இடங்களில் மட்டும் மாற்றிப் போடுகிறேன். உங்கள் பாடத்தில் அப்படி முட்டிக்கொள்ளும் இடம் எது? கீழே எழுதுங்கள். தயவுசெய்து லிங்க் மட்டும் போடாதீர்கள்.