பலகுரல் பேச நல்ல குரல் தேவையில்லை

எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் பிறந்தநாளோ, காதுகுத்தோ, மஞ்சள் நீராட்டோ எதுவானாலும் தெருவில் பந்தல் போட்டு, ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிகளை அடுக்கிவிடுகிறார்கள். மாலை தொடங்கிய பாட்டு பந்தி முடியும்வரை நிற்பதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவிடம்கூட இரண்டு வார்த்தை பேச முடியாது. அந்தப் பாட்டை அரை மணி நேரம் நிறுத்துங்கள், மைக்கை வீட்டு ஆட்களிடம் கொடுத்துப் பலகுரல் பேசச் சொல்லுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "எனக்கு அந்தக் குரலெல்லாம் வராது."

வரவே வேண்டாம். ஒருவரை இன்னார் என்று காட்டிக் கொடுப்பது அவர் பேச்சின் வேகம், மூச்சு விடும் இடம், வாக்கியத்தின் முடிவில் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது. இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் தொண்டை யாருடையதாக இருந்தாலும் கூட்டம் கண்டுபிடித்துவிடும். ரஜினிகாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரைவாகக் கொட்டி, சட்டென்று நிறுத்தி, கடைசிச் சொல்லை மட்டும் தனியாக வைப்பார். உங்கள் சொந்தக் குரலிலேயே இதைச் செய்து பாருங்கள். முதல் வாக்கியத்திலேயே கைதட்டல் வரும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் எம்.ஆர். ராதா. அடித்தொண்டையில் கரகரவென்று தொடங்கி, இழுத்துக்கொண்டே போய், முடிவில் திடீரென்று மெல்லிய கீச்சுக்குரலுக்கு ஏறுவது அவர் வழக்கம். ஒரே வாக்கியத்தில் இரண்டு பேர் பேசுவது போலிருக்கும். அந்த ஏற்றம் சரியாக விழுந்தால் போதும், மற்றதைக் கேட்பவர்களே நிரப்பிக்கொள்வார்கள். அடுத்து கலைஞர் கருணாநிதி. "என் உயிரினும் மேலான" என்று கரகரத்த குரலில் நிதானமாகச் சொல்லிவிட்டு நிறுத்தினால், பந்தலில் யாராவது ஒருவர் "அன்பு உடன்பிறப்புகளே" என்று முடித்து வைப்பார். அந்த இடைவெளியை ஒருபோதும் அவசரப்பட்டு நிரப்பிவிடக் கூடாது.

சிவாஜி கணேசனை மட்டும் தொடக்கத்திலேயே தொடாதீர்கள். கர்ஜித்தால் சிவாஜி என்று பலர் நினைக்கிறார்கள். அவர் ஒவ்வொரு வேடத்துக்கும் குரலை வேறு வேறாக வைத்தவர். மூச்சு விடாமல் நீண்ட வசனத்தை ஏற்றி இறக்கிப் பேச நெஞ்சில் வலு வேண்டும். பாதியில் மூச்சு வாங்கினால் அந்த மேதைக்கும் மரியாதையில்லை, கேட்பவருக்கும் மகிழ்ச்சியில்லை.

இங்கே மனம் கொதிக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எம்.ஜி.ஆர். என்றாலே நாக்குக் குழறுவதுபோல் பேசிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1967 ஜனவரியில் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்ததால் வந்த பாதிப்பு அது. கழுத்தில் கட்டுடன் இருந்த அவர் படத்தை ஊரெங்கும் ஒட்டினார்கள். பிரசாரத்துக்கு வர முடியாமல் மருத்துவமனையில் இருந்தபடியே அந்த ஆண்டுத் தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அவர் படத்தைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கும் வீடுகள் எங்கள் பகுதியில் இன்றும் உண்டு. அந்த வீட்டுப் பாட்டிக்கு முன்னால் அவருடைய காயத்தைப் பேசிக் காட்டுவதில் என்ன கலை இருக்கிறது? அவரைக் காட்ட வேண்டுமானால் தொப்பியும், கறுப்புக் கண்ணாடியும், கையை உயர்த்தி வணங்கும் விதமும், "ரத்தத்தின் ரத்தமான" என்ற அழைப்பும் போதும். விஜயகாந்துக்கும் இதையே சொல்வேன். அடிவயிற்றிலிருந்து எழும் குரல், எண்களை வரிசையாக அடுக்கிப் புள்ளிவிவரம் சொல்லும் வேகம், இவைதான் அவர் அடையாளம். 2023 டிசம்பரில் மறைவதற்கு முந்தைய ஆண்டுகளில் நோயால் தளர்ந்துபோன பேச்சை எடுத்துக்கொண்டு சிரிக்க வைப்பவரிடமிருந்து மைக்கை வாங்கிவிடுவதுதான் முறை.

குழந்தைகள் நிறைந்த விழா என்றால் கார்ட்டூன்தான். அதிலும் எளிதானது டோரா. அவள் ஒரு கேள்வி கேட்பாள், பிறகு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பாள். "மணிக்கூண்டுக்கு எப்படிப் போக வேண்டும்? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அப்படியே நில்லுங்கள். பழைய வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகள் அத்தனை பேரும் கையை நீட்டி வழி சொல்வார்கள். பேசவே கூச்சப்படும் பெரியவர்களுக்கு டாம் பூனையைக் கொடுக்கலாம். அந்தப் பூனையின் அலறலைத் தந்தவர் அதைப் படைத்த இருவரில் ஒருவரான வில்லியம் ஹன்னாவேதான். வாலில் கதவு விழுந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு அலறல். வசனம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மிக்கி மவுசுக்கும் தொடக்க காலத்தில் வால்ட் டிஸ்னி தாமே குரல் கொடுத்தார். மார்பிலிருந்து ஒலி வராமல், மேல்தொண்டையில் மெல்லியதாக எழுப்பி, பேச்சுக்கு நடுவில் கூச்சத்தோடு சிரித்தால் மிக்கி வந்துவிடும்.

டொனால்ட் வாத்து பார்ப்பதற்குக் கடினமாகத் தோன்றும், ஆனால் பிள்ளைகள் நம்மைவிட விரைவில் பிடித்துவிடுவார்கள். அந்தக் குரல் தொண்டையிலிருந்து வருவதே இல்லை. ஒரு பக்கத்துக் கன்னத்துக்கும் பல்வரிசைக்கும் நடுவில் காற்றை அடைத்து, அதை அழுத்தி வெளியேற்றும்போது பிறக்கும் ஒலி அது. கிளாரன்ஸ் நாஷ் என்பவர் 1934 முதல் ஏறத்தாழ 50 ஆண்டுகள் அந்த வாத்தாகப் பேசினார். முதலில் ஒலி மட்டும் வரட்டும். பிறகு எல்லோருக்கும் தெரிந்த சொற்களைச் சொல்லுங்கள், தெளிவில்லாவிட்டாலும் புரிந்துகொள்வார்கள். கோபம் வந்து சொற்கள் குழம்பிப்போவதுதானே அந்த வாத்தின் அழகு. பாப்பாய் போன்ற கரகரப்பான குரல்களைப் பிள்ளைகளிடம் நீட்டிக்க விடாதீர்கள். தொண்டை எரிந்தால் உடனே நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள்.

பயிற்சி வீட்டிலேயே செய்யலாம். கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். நாம் பேசும்போது நம் குரல் எலும்பு வழியாகவும் காதுக்குள் போவதால் நமக்குக் கேட்பது ஒன்று, பிறருக்குக் கேட்பது வேறு. பதிவில் கேட்பதுதான் பந்தலில் கேட்கப்போகிறது. படத்தில் வந்த வசனத்தை அப்படியே ஒப்பிக்காமல் அந்த ஆளை நம் தெருவுக்குள் கொண்டுவாருங்கள். ரஜினி காசிமேட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசட்டும். எம்.ஆர். ராதா தண்ணீர் லாரிக்கு முன்னால் குடத்தோடு வரிசையில் நிற்கட்டும். மிக்கி எண்ணூரிலிருந்து சென்ட்ரல் போகும் காலை நேர ரயிலில் ஏற முயலட்டும். அரை நிமிடம் பேசினால் போதும், நீண்டால் சலித்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு திருமண வரவேற்புக்கு அழைக்கப்பட்ட தொகுப்பாளர், "இப்போது வடசென்னைக்காரர்" என்று அறிவித்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக் கத்தி எடுக்கும் ரவுடியைப் போல் பேசினார். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள், வலை பின்னுகிறவர்கள், ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தவர். மனோரமா மன்னார்குடியில் பிறந்தவர். இருவரும் சென்னைத் தமிழைத் திரையில் பேசியபோது அந்தப் பேச்சுக்குள் ஒரு முழு மனிதர் இருந்தார், அவருக்குப் பசியும் காதலும் நக்கலும் இருந்தன. எங்கள் பேச்சை யார் வேண்டுமானாலும் பேசிக் காட்டலாம், தடையில்லை. அதற்கு முன் ஒரு நாளாவது ராயபுரம் மீன் சந்தையில் நின்று, அந்த அக்காக்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள்.

அக்காக்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் குடும்பங்களில் மிக நன்றாகப் பலகுரல் பேசுகிறவர்கள் பெண்கள்தான். மாமியார், வீட்டு உரிமையாளர், பள்ளித் தலைமையாசிரியர் என்று சமையலறையில் அத்தனை பேரையும் நடித்துக் காட்டுவார்கள். பந்தலில் மைக் மட்டும் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் போய்விடும். அடுத்த மாதம் எங்கள் தெருவில் ஒரு காதுகுத்து இருக்கிறது. இரவு எட்டு மணிக்குப் பாட்டை நிறுத்துவதாக ஒலிபெருக்கிக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மைக்கை முதலில் என் அத்தையிடம் கொடுக்கப் போகிறேன். அவர் கோவை சரளா பேசுவார், அதற்குப் பிறகு அந்தத் தெருவில் உள்ள எல்லோரையும் பேசுவார்.