மின்மினி என்று அழைத்ததற்கு நன்றி

சென்ற வாரம் நண்பர் தன் டார்ச்சையும் என் டார்ச்சையும் ஒப்பிட்டுப் போட்ட காணொளியைப் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. என் ஒற்றைச் செல் டார்ச்சைக் காட்டி, "இது டார்ச்சா, மின்மினிப் பூச்சியா?" என்று நண்பர் கேட்டதற்கு எத்தனை ஹாஹாக்கள் விழுந்தன என்பதையும் நான் எண்ணவில்லை. (எண்ணினேன். 214.) அவர் கையில் இருந்த 10,000 லூமன் (விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு லூமன்) டார்ச் எதிர்ச்சுவரை வெள்ளையடித்ததுபோல் காட்டியதையும், அதைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்ததையும் மறுக்கவில்லை. ஆனால் காணொளி அங்கே முடிந்துவிட்டது, மின்சாரம் இல்லாத அந்த இரவு முடியவில்லை. அதிகாலை இரண்டு மணிக்கு அந்தச் சூரியன் அணைந்துபோய், இருண்ட மாடிப்படியில் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கி வந்து நண்பர் என்னிடம் வாங்கிச் சென்றது அந்த மின்மினியைத்தான். இந்தப் பகுதி மட்டும் ஏனோ வெட்டப்பட்டுவிட்டது.

கோபமாக எழுதக் கூடாது என்று நான்கு நாள் பொறுத்திருந்தேன். இப்போது நிதானமாகவே சொல்கிறேன். அவசரத்துக்கென்று ஒரு டார்ச் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி எவ்வளவு வெளிச்சம் என்பதல்ல, எவ்வளவு நேரம் எரியும் என்பது. இரண்டாவது கேள்வியும் அதேதான்.

கணக்காகவே பார்ப்போம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அளவிலான ஒரு நல்ல ஏஏ ஆல்கலைன் செல்லிலிருந்து மெதுவாக எடுத்தால் ஏறத்தாழ 3 வாட்-மணி, அதாவது ஒரு வாட் வீதம் மூன்று மணி நேரத்துக்கான, ஆற்றல் கிடைக்கும். உள்ளே இருக்கும் மின்சுற்றின் இழப்பைக் கழித்துவிட்டு, ஒரு வாட்டுக்கு 80 லூமன் என்று சற்றுக் கஞ்சத்தனமாகவே வைத்துக்கொண்டால், 10 லூமனில் அந்த ஒரு செல் ஒரு முழு நாள் எரியும். ஒரு மெழுகுவத்தியின் மொத்த ஒளியே 12 லூமன் அளவுதான், அதுவும் எல்லாப் பக்கமும் சிதறிப் போவது. டார்ச்சின் 10 லூமனோ நீங்கள் பார்க்க வேண்டிய பக்கமாக மட்டும் போகிறது. 1 லூமனுக்குக் குறைத்தால் கணக்குப்படி பத்து நாள். இவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் மின்சுற்று தின்னும் பங்கு பெரிதாகிவிடும் என்பதால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதே செல்லிடம் 1000 லூமன் கேட்டால் காகிதத்தில்கூடக் கால் மணி நேரம் தேறாது. உண்மையில் ஆல்கலைன் செல்லுக்கு அந்த வேகத்தில் கொடுக்கும் திராணியே கிடையாது.

"என்னுடையது ஏஏ செல் அல்ல, பெரிய லித்தியம் செல்" என்று நண்பர் சொல்வார். அப்படிப்பட்ட டார்ச்சுகளில் பரவலாகப் போடும் 18650 என்ற அளவு லித்தியம் செல்லில் 12 வாட்-மணி அளவு இருக்கும். 10,000 லூமன் நிஜமாகவே வர வேண்டுமென்றால் குறைந்தது 70, 80 வாட் வேண்டும். அந்த வேகத்தில் செலவழித்தால் பத்து நிமிடத்தில் கதை முடியும். அதற்கு முன்பே டார்ச்சைக் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடேறிவிடும். அதனால்தான் ஒழுங்காகச் செய்யப்பட்ட டார்ச்சுகள் உச்ச வெளிச்சத்தை ஓரிரு நிமிடங்களில் தாமாகவே தணித்துக்கொள்கின்றன. ஒழுங்கில்லாமல் செய்யப்பட்டவற்றில் அந்த 10,000 என்பது அட்டைப்பெட்டியில் அச்சடிக்கப்பட்ட மை மட்டுமே. நண்பருடையது இவற்றில் எந்த வகை என்று நான் சொல்லவில்லை. அவர் மனம் புண்படக் கூடாது அல்லவா.

"பெட்டியில் 12 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே" என்றும் கேட்டார்கள். டார்ச்சுகளை அளப்பதற்கு 2009-இல் அமெரிக்காவில் ஆன்சி எஃப்எல்1 என்றொரு தர அளவுகோல் வந்தது. அதன்படி, விளக்கைப் போட்ட 30 விநாடிக்குப் பிறகு இருக்கும் ஒளியை அளந்துகொண்டு, அது பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரத்தை எரியும் நேரம் என்று குறிக்கலாம். ஆக, 1000 லூமனில் தொடங்கி, சில நிமிடங்களில் 150-க்கு இறங்கி, மீதி நேரமெல்லாம் அங்கேயே படுத்துக் கிடந்தாலும் பெட்டியில் எழுதியிருப்பது பொய்யாகாது. அளவுகோலையே மதிக்காத பெட்டிகளைப் பற்றி நான் பேசவே இல்லை. எரியும் நேரத்தைப் படிக்கும்போது அது எந்த வெளிச்ச நிலைக்கானது என்று பார்க்காவிட்டால், அந்த எண்ணால் நமக்கு ஒரு பயனும் இல்லை.

இவ்வளவும் நான் பிறவியிலேயே தெரிந்துகொண்டு வந்ததல்ல. ஒரு காலத்தில் எனக்கும் லூமன் பைத்தியம் இருந்தது. அழுத்தியதும் உச்ச வெளிச்சத்தில்தான் தொடங்கும் ஒரு பெரிய டார்ச்சை வாங்கி, இருட்டு வரட்டும் என்று காத்திருந்தவன் நான். புயலுக்குப் பின் மின்சாரம் போன முதல் இரவில் அப்பா கழிப்பறைக்குப் போக எழுந்தார். உதவுகிறேன் என்று அவர் முன்னால் அதை அழுத்தினேன். இருட்டுக்குப் பழக நம் கண்ணுக்கு இருபது, முப்பது நிமிடங்கள் வேண்டும். அந்தப் பழக்கத்தை ஒரு பளீர் வெளிச்சம் நொடியில் துடைத்துவிடும். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிய ஒளியில் அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார், நிலைப்படியில் கால் இடறியது, கணுக்கால் பிசகிவிட்டது. வலியோடு அவர் சொன்னது ஒன்றுதான்: "அந்தச் சூரியனை அணையடா."

அடுத்த இரவு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. நொண்டிக்கொண்டே சுவரைப் பிடித்துப் போனார். மூன்றாம் இரவில் என் பெரிய டார்ச் செத்துப்போனது. அதன் பேட்டரி கழற்ற முடியாதது. சார்ஜ் போட மின்சாரமும் இல்லை. இழுப்பறையைத் துழாவியபோது இரண்டு டார்ச்சுகள் அகப்பட்டன. ஒன்றில் என்றோ போட்டு மறந்த ஆல்கலைன் செல்கள் ஒழுகி, ஸ்பிரிங்கில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது. குலுக்கினாலும் தட்டினாலும் செல் வெளியே வரவில்லை. மற்றொன்று கட்டைவிரல் தடிமனில் ஒற்றைச் செல் டார்ச். கடிகாரத்திலிருந்து செல்லைப் பிடுங்கி அதில் போட்டேன். கடிகாரத்தை ஓட்டிக் களைத்த அந்தச் செல், மின்சாரம் வரும்வரை அப்பாவின் கட்டிலடியில் எரிந்துகொண்டிருந்தது. தரையும் செருப்பும் கதவும் தெரிந்தன. அவருக்கு வேறென்ன தெரிய வேண்டியிருந்தது?

அதனால்தான், மின்மினி என்று யாராவது சிரித்தால் என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடிவதில்லை.

"கைப்பேசியில்தான் விளக்கு இருக்கிறதே, தனியாக டார்ச் எதற்கு?" என்று கேட்பவர்கள் எப்போதும் அதை ஒரு கண்டுபிடிப்பைப் போலக் கேட்கிறார்கள். ஐயா, எனக்கும் தெரியும், என் கைப்பேசியிலும் இருக்கிறது. மின்சாரம் இல்லாத மூன்றாம் நாளில் அந்தக் கைப்பேசி உதவிக்கு அழைக்க வேண்டும், செய்தி பார்க்க வேண்டும், வெளியூரில் தவித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் "நலமாக இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அதன் பேட்டரியைப் படிக்கட்டு பார்க்கச் செலவழிப்பது, குடிக்க வைத்திருக்கும் தண்ணீரில் கால் கழுவுவதைப் போன்றது. கீழே போட்டால் உடையும், ஈரக்கையில் வழுக்கும். பவர் பேங்க் இருக்கிறது என்கிறீர்களா? நல்லது, அது கைப்பேசிக்கு இருக்கட்டும். மெழுகுவத்தி பற்றி நான் பேச விரும்பவில்லை. திரைச்சீலையும் குழந்தையும் இருக்கும் வீட்டில் அதற்கு வேலை இல்லை.

வெளியே இறங்கித் தேட வேண்டியிருந்தால் தூரம் பாயும் வெளிச்சம் வேண்டாமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நல்ல டார்ச்சில் அதற்கும் ஒரு உயர்நிலை இருக்கும். அரை நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு மடங்கு தூரம் பார்க்க நான்கு மடங்கு செறிவான கற்றை வேண்டும் என்பதையும், பெட்டியில் போட்டிருக்கும் தூரம் முழு நிலவொளி அளவுக்கு, அதாவது கால் லக்ஸுக்கு (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு லக்ஸ்), ஒளி மங்கிப்போகும் இடம் வரை அளந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அவசர நேரத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தைத்தான்: பூட்டு, மருந்துச்சீட்டு, படி, பக்கத்தில் இருப்பவரின் முகம். அறை முழுவதும் வெளிச்சம் வேண்டுமென்றால் 30 லூமனில் டார்ச்சை நிமிர்த்தி வைத்து வெள்ளைக் கூரையில் அடியுங்கள், போதும்.

எதை வாங்குவது என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு (சிரித்த 214 பேரில் சிலரும் அதில் உண்டு, பெயர் சொல்லமாட்டேன்) என் பதில் இது. எங்கும் கிடைக்கும் செல்லில் எரிவதாக இருக்க வேண்டும், செல்லைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். ஒற்றைச் செல்லாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பழையதும் புதியதுமாகக் கலந்து போட்டால் முதலில் தீரும் செல்லை மற்றது தலைகீழாக மின்னேற்றி ஒழுகவைத்துவிடும். அழுத்தியதும் மிகக் குறைந்த வெளிச்சத்தில் தொடங்க வேண்டும். ஏஏஏ செல் மெலிதாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதன் கொள்ளளவு ஏஏ செல்லில் பாதிகூட இல்லை. மின்னணு சுவிட்ச் வைத்தவை அணைத்திருக்கும்போதும் துளித்துளியாக மின்சாரம் குடிக்கும். பின்மூடியைக் கால் திருகு தளர்த்தி வைத்தால் பெரும்பாலானவற்றில் அது நின்றுவிடும். ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைப்பதற்கு சார்ஜ் செய்ய முடியாத வகை 1.5 வோல்ட் லித்தியம் செல் விலை கூடினாலும் தகும். ஒழுகுவது அரிது, இருபது ஆண்டு வரை கெடாது, கடுங்குளிரிலும் வேலை செய்யும். அடிக்கடி பயன்படுத்துவோருக்கு சும்மா இருக்கும்போது மெதுவாக மட்டுமே மின்னிழக்கும், மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய வகை நிக்கல் செல் போதும். ஆல்கலைன்தான் கையில் இருக்கிறதென்றால் டார்ச்சுக்கு வெளியே, பக்கத்தில் வையுங்கள், உள்ளே வைக்காதீர்கள்.

இதையெல்லாம் நண்பரின் அந்தப் பதிவின் கீழேயே எழுதியிருக்கலாம். எழுதினேன். நீக்கிவிட்டார்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நீளமா என்று கேட்பீர்கள். அன்றிரவு கதவைத் திறந்தபோது அவர் கேட்டதும் சின்ன விஷயம்தான், நானும் சின்னதாகவே கொடுத்தேன். காலையில் மின்சாரம் வந்தது, மாலையில் காணொளி வந்தது, டார்ச் மட்டும் இன்னும் வரவில்லை. அதைத் திருப்பிக் கேட்டு நான் இதை எழுதவில்லை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளே இருப்பது ஆல்கலைன் செல், அன்றைய அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைப் போட்டுக் கொடுத்தேன். பின்மூடியை இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவிடும். தயவுசெய்து அதை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள்.